பதிவேட்டின் முதல் பெயர்

பாளையங்கோட்டைச் சபையைத் தாங்கிய கிளாரிந்தா அம்மையாரும் நாம் எழுதி வைக்க மறந்த பெயர்களும்

பாளையங்கோட்டை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அங்குள்ள பள்ளிகளும் கல்லூரிகளும்தான். ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்ற பட்டப்பெயர் அந்த ஊருக்கு உண்டு. ஊருக்குள் நுழைபவர்களின் கண்ணில் உயரமாகத் தெரிவது 1826இல் கட்டப்பட்ட தூய திரித்துவப் பேராலயம். அதன் கூர்மையான கோபுரத்தை வைத்து மக்கள் அதை ‘ஊசிக்கோபுரம்’ என்று அழைக்கிறார்கள்.

அதே ஊரில் அதைவிட ஏறத்தாழ 40 ஆண்டு மூத்த சிறிய தேவாலயம் ஒன்று எழுந்தது. 1785இல் திறக்கப்பட்ட அதற்கு ஊரார் வைத்த பெயர் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’. அதைக் கட்டியவர் போதகர் அல்லர். வெளிநாட்டிலிருந்து வந்த மிஷனெரியும் அல்லர். சபையில் எந்தப் பதவியும் இல்லாத ஒரு பெண். அவர் பெயர் கிளாரிந்தா.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. அவரைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடம் எடுத்த பிறகுதான், அவர் சொன்ன கதையில் எவ்வளவு ஆவணங்களில் இருக்கிறது, எவ்வளவு மக்கள் வாய்வழியாக வளர்ந்தது என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன். தேடத் தேட எனக்கு வியப்பளித்தது ஒன்றுதான். பாளையங்கோட்டைச் சபை தன் முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகளையும் அங்கேயே தங்கிப் பணிசெய்யும் குருவானவர் ஒருவர்கூட இல்லாமலேயே கடந்திருக்கிறது.

வாசிக்கத் தெரிந்த ஒருவர்

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய லுத்தரன் பணி, அரை நூற்றாண்டுக்குப் பிறகு திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் வரை பரவியிருந்தது. அதை முன்னின்று நடத்தியவர் ஜெர்மனியிலிருந்து 1750இல் வந்த கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அவரை ‘சுவார்ட்ஸ் ஐயர்’ என்பார்கள். தஞ்சை இளவரசர் சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்தவரும் இவரே.

தெற்கே பாளையங்கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தங்கியிருந்த கோட்டை ஒன்று இருந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மாட்டு வண்டியும் பல்லக்கும் குதிரையும்தான் வாகனம். பாளையக்காரர்களுக்கும் கம்பெனிக்கும் இடையே அடிக்கடி போர் நடந்த பகுதி வேறு. சுவார்ட்ஸ் ஐயர் நினைத்த நேரத்தில் போய்வரக்கூடிய ஊர் அன்று.

1771ஆம் ஆண்டு அவர் எழுதிய குறிப்பில் பாளையங்கோட்டை முதன்முதலாக வருகிறது. திருச்சிராப்பள்ளிச் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் அங்கே குடியிருந்தார். அவர் அக்கம்பக்கத்தாருக்கு வேதத்தை வாசித்துக் காட்டிவந்தார். கோட்டையிலிருந்த ஆங்கிலேய சார்ஜன்ட் ஒருவரும் இதில் ஆர்வம் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த கணக்கர் இளைஞர் ஒருவருக்கு மறைக்கல்வியின் பகுதிகளை மனப்பாடம் செய்வித்து, அந்த சார்ஜன்ட் தாமே ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார். இவ்வளவு அவசரம் கூடாது என்று சுவார்ட்ஸ் ஐயர் வருத்தப்பட்டார்.

எனக்கு இந்தச் சிறு குறிப்பு மிகவும் பிடிக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவர், கேட்க வந்த சிலர், விதிமுறை தெரியாமல் ஆர்வக்கோளாறில் செயல்பட்ட ஒரு சிப்பாய். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் இப்படித்தான் இருந்திருக்கிறது.

வாசலில் நிறுத்தப்பட்டவர்

கிளாரிந்தா தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தி பிராமணக் குடும்பத்துப் பெண். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பிறகு லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியுடன் வாழ்ந்தார். அவரிடமிருந்து ஆங்கிலமும் கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகளும் கற்றுக்கொண்டார்.

கைம்பெண் மறுமணம் செய்யக்கூடாது என்று சொன்ன சமூகத்தில், பிற இனத்தவர் ஒருவருடன் வாழ்ந்த பெண்ணுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். பிறந்த சமூகத்தின் கதவு மூடியது. அவர் தட்டிய அடுத்த கதவும் உடனே திறக்கவில்லை. தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டபோது, முறைப்படி திருமணம் செய்யாமல் ஒருவருடன் வாழ்பவருக்குக் கொடுக்க இயலாது என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்த அதிகாரி பாளையங்கோட்டைக்கு வந்தபோது கிளாரிந்தாவும் உடன் வந்தார். பின்னர் அவர் இறந்துபோனார். 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது கிளாரிந்தா மீண்டும் கேட்டார். இந்த முறை ஞானஸ்நானம் கிடைத்தது. ‘கிளாரிந்தா’ என்பது அன்று பெற்ற பெயர்.

ஒரு தடவை ‘உனக்கு இங்கே இடமில்லை’ என்று கேட்டவர்கள் பலர் அந்த இடத்தின் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. கல்லூரி மன்றமோ விளையாட்டுக் குழுவோ, நம்மைச் சேர்க்க மறுத்தால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! கிளாரிந்தா தம்மை மறுத்த சபைக்காகத்தான் தம் மீதி வாழ்நாளைச் செலவிட்டார்.

நாற்பது பேர்

1780இல் பாளையங்கோட்டைச் சபைக்கு ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் இருந்தவை 40 பெயர்கள். முதல் பெயர் கிளாரிந்தா.

அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் ஒரே சாதியினர் அல்லர். பல சாதிகளைச் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்களின் பெயர்கள் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தன. பெயர்கள் அடுத்தடுத்து வந்ததாலேயே மனிதர்கள் சமமாகிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தமிழகத் திருச்சபைகளுக்குள் சாதி அதன் பிறகும் நீண்ட காலம் வாழ்ந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனாலும் ஒரு பிராமணக் கைம்பெண் அந்தப் பட்டியலில் தம் பெயரையும் எழுத ஒப்புக்கொண்டது சின்ன விஷயம் இல்லை.

திருநெல்வேலித் திருமண்டலம் தன் பிறந்த ஆண்டாகக் கொள்வது இந்த 1780ஐத்தான். 1980இல் அது தன் இருநூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. குருவானவர் ஒருவர் வந்து இறங்கிய நாளையோ கட்டடம் திறக்கப்பட்ட நாளையோ அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சாதாரண மக்கள் 40 பேரின் பெயர் எழுதப்பட்ட ஆண்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தச் செய்திகளைத் தேடித் தொகுத்து நூலாக்கியவர் நாம் தமிழ் வகுப்பில் படிக்கும் அதே இராபர்ட் கால்டுவெல்தான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டவர், திருநெல்வேலிச் சபையின் ஆரம்ப கால ஆவணங்களை 1881இல் நூலாக வெளியிட்டார். அவர் அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் சவரிமுத்துவின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கட்டடமும் கோரிக்கையும்

பதிவேட்டுக்கு அடுத்து ஒரு வழிபாட்டு இடம் தேவைப்பட்டது. கிளாரிந்தா தம் பணத்தைப் போட்டார். கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் சிலரின் உதவியையும் கேட்டுப் பெற்றார். 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் வந்து அந்தச் சிறிய கோயிலை அர்ப்பணித்துக் கொடுத்தார்.

கட்டடம் கிடைத்துவிட்டது, நடத்துவதற்கு ஆள் வேண்டுமே! தஞ்சாவூரிலிருந்து உபதேசியார்களை அனுப்பச் சொல்லிப் பாளையங்கோட்டைச் சபை கேட்டுக்கொண்டே இருந்தது. உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாத சபைப் பணியாளர். வேதம் வாசிப்பார், கற்பிப்பார், நோயாளிகளைப் பார்க்கப் போவார். ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்க மட்டும் குருவானவர் வரவேண்டும்.

1790 டிசம்பரில் தஞ்சாவூரில் சத்தியநாதன் என்ற தமிழ் உபதேசியாருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. அவர் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 1792இல் லண்டனில் அச்சிடப்பட்டது. ஒரு தமிழரின் பிரசங்கத்தை லண்டனில் படித்தவர்களில் எத்தனை பேர், அவர் எந்தச் சபைக்குப் போகிறார், அந்தச் சபையை அதுவரை தாங்கியவர் யார் என்று கேட்டிருப்பார்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சவரிமுத்து வாசித்தது 1771. சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது 1790. இடையே 19 ஆண்டுகள். அவ்வப்போது வந்துபோன சுவார்ட்ஸ் ஐயரைத் தவிர, அந்தச் சபையை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தவர்கள் பொதுநிலையினர்தாம்.

இந்த வழக்கம் அதோடு நின்றுவிடவில்லை. சாத்தான்குளம் பக்கத்தைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களைக் கூட்டிச் சென்று 1799இல் ஒரு புதிய ஊரையே உருவாக்கினார். அதன் பெயர் முதலூர். கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அதே ஆண்டுதான். பெரிய போர்களைப் பற்றி நாம் படிக்கும் அதே ஆண்டுகளில், அந்தச் சீமையின் மூலைகளில் இப்படிச் சின்ன வேலைகளும் நடந்துகொண்டிருந்தன.

கதை எது, சான்று எது?

கிளாரிந்தாவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் முதலில் சொல்வது வேறு ஒரு காட்சி. கணவரின் சிதையில் ஏற்றப்படவிருந்த இளம்பெண்ணை லிட்டில்டன் குதிரையில் வந்து காப்பாற்றினார் என்பது அது. திரைப்படத்துக்கு ஏற்ற காட்சிதான். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா, 1915இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘கிளாரிந்தா’ நாவல் இந்தக் கதையை இன்னும் பரவலாக்கியது. மாதவையாவும் திருநெல்வேலிச் சீமைக்காரர், பெருங்குளத்தில் பிறந்தவர். கிறிஸ்தவராக மாறாத ஒரு பிராமண எழுத்தாளர், சாதியைவிட்டு வெளியேற்றப்பட்ட பிராமணப் பெண்ணை நாயகியாக்கி எழுதியது அந்தக் காலத்தில் துணிச்சலான செயல்.

ஆனால் வரலாற்று மாணவராக எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சிதைக் காட்சியில் கிளாரிந்தா காப்பாற்றப்படுபவர். வேலை செய்வது குதிரையில் வருபவர். பதிவேட்டிலும் கோயிலிலும் கிளாரிந்தாவே வேலை செய்பவர். மக்கள் மனத்தில் நிற்பது முதல் கதை. ஊருக்குப் பயன்பட்டது இரண்டாவது.

பெயரிலும் இதே சிக்கல். அவருடைய கோயிலை ஊரார் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்கிறார்கள். அன்போடும் மரியாதையோடும் சொல்வதுதான். ஆயினும் அது சாதியைக் குறிக்கும் சொல். சாதியார் ஒதுக்கிவிட்ட பிறகு பல சாதியாருடன் ஒரே பதிவேட்டில் பெயர் எழுதிய பெண்ணை, அந்தச் சாதிப் பெயராலேயே 200 ஆண்டுக்கு மேலாக நினைவில் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. சுவார்ட்ஸ் ஐயரின் எழுத்து நம்மிடம் இருக்கிறது. சத்தியநாதனின் பிரசங்கம் இருக்கிறது. கிளாரிந்தாவைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பிறர் எழுதியவை. அவர் ஏன் மறுபடி கேட்டார், கோயில் திறந்த அன்று எங்கே உட்கார்ந்திருந்தார், குருவானவர் வந்த பிறகு அவருக்குச் சபையில் என்ன இடம் இருந்தது என்ற கேள்விகளோடுதான் நான் அந்தப் பக்கங்களைப் படித்தேன்.

எங்கள் டீச்சரம்மா

இனி எனக்கு இந்தக் கதையைச் சொன்னவரைப் பற்றி. அவருடைய தாத்தா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். எங்கள் சபையில் சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லாருக்கும் அவர் ‘டீச்சரம்மா’. உண்மையில் அவர் பள்ளி ஆசிரியை அல்லர்; ஓர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுக்கு மேல் ஞாயிறுதோறும் எட்டு மணிக்கே வந்து, நாற்காலிகளைத் தாமே போட்டு, பிள்ளைகளுக்காகக் காத்திருப்பார். அந்தக் காலத்தில் எங்கள் சபைக்குப் போதகர்கள் வந்தார்கள், மாறிப் போனார்கள். அவர் மாறவில்லை.

வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குப் பள்ளித் தமிழ் வகுப்பு தேர்வுக்கான பாடம். டீச்சரம்மாவின் வகுப்பில்தான் தமிழை உரக்க வாசிக்கும் கூச்சம் போனது. தப்பாக வாசித்தால் திருத்தமாட்டார். அதே வரியைத் தாம் ஒருமுறை மெதுவாக வாசிப்பார். நாங்களே திருத்திக்கொள்வோம்.

கிளாரிந்தா கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் பேச்சில் நெல்லை வாடை வந்துவிடும். “ஐயரு வர்ற வரைக்கும் சபை சும்மாவா இருந்துச்சு? வாசிக்கத் தெரிஞ்சவரு வாசிச்சாரு, கையில காசு இருந்தவங்க கோயிலக் கட்டுனாங்க,” என்பார். பிறகு, “நீ என்ன செய்யப் போறே?” என்று எங்கள் முகத்தைப் பார்ப்பார். பத்து வயதில் அந்தக் கேள்விக்கு நாங்கள் சிரித்து மழுப்புவோம்.

சென்ற ஆண்டு அவர் காலமானார். அடக்க ஆராதனைக்காக அச்சிட்ட தாளைப் பார்த்தபோதுதான் அவருடைய முழுப்பெயரை எங்கள் வயதினர் பலர் தெரிந்துகொண்டோம். அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை.

அவர் வைத்திருந்த நோட்டுப் புத்தகங்களை அவருடைய பிள்ளைகள் சபைக்குக் கொடுத்தார்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்று. பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், வராத ஞாயிறுகள். பெயர்களின் பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள்: ‘கடலை ஆகாது’, ‘தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, ஜெபிக்கணும்’, ‘அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அரிசி’. எங்கள் சபையின் ஆண்டு மலர்களில் போதகர்களின் படம் இருக்கிறது, கட்டட நிதிக் கணக்கு இருக்கிறது. முப்பது ஆண்டில் எங்கள் குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்பது அந்த நோட்டுகளில்தான் இருக்கிறது.

கேட்டு எழுதுவோம்

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான செய்தி அன்று. உங்கள் கோயிலில் ஆண்டுக்கணக்கில் அன்னதானச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இருப்பார். பள்ளிவாசலில் மாலை வகுப்பு நடத்தும் பெரியவர் இருப்பார். வட்டாரத் தமிழ் நூலக வாசகர் குழுவை ஒற்றை ஆளாக நடத்தும் ஐயா இருப்பார். விழா மேடையில் மாலை விழுவது வேறு யாருக்கோ. இவர்கள் இல்லாவிட்டால் விழாவே இருக்காது.

மாணவர்களாகிய நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேட்கலாம், எழுதலாம். சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணி, நேர்காணல்களைப் பதிவு செய்து தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வருகிறது. அவற்றில் பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். நேர்காணலில் எப்படிக் கேள்வி கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது என்பதற்கு அவை நல்ல பாடம்.

வீட்டளவில் தொடங்க ஒரு கைப்பேசி போதும். முதலில் முழுப்பெயரையும் பிறந்த ஊரையும் கேளுங்கள். ‘உங்கள் சாதனை என்ன’ என்று கேட்காதீர்கள். இத்தகையவர்கள் ‘அப்படி ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வார்கள். ‘ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? சாவி யாரிடம் இருக்கும்? அரிசி எங்கே வாங்குவீர்கள்?’ என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். பழைய படங்களில் இருப்பவர்களின் பெயர்களை அவர்கள் இருக்கும்போதே படத்தின் பின்னால் எழுதி வாங்குங்கள். பதிவு செய்வதற்கும் வெளியிடுவதற்கும் அனுமதி கேட்க மறக்காதீர்கள்.

எங்கள் சபையில் இப்போது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து டீச்சரம்மாவின் நோட்டுகளைக் கணினியில் ஏற்றி வருகிறோம். மற்றவர்களின் சொந்த விவரங்கள் இருப்பதால் எல்லாவற்றையும் வெளியிட முடியாது. பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் தனியே பட்டியலிடுகிறோம். அதன் முதல் வரியில் பிள்ளைகளின் பெயரை எழுதும் முன், டீச்சரம்மாவின் முழுப்பெயரை எழுதினோம்.

1780இல் பாளையங்கோட்டையில் யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து 40 பெயர்களை எழுதினார். அதனால்தான் 240 ஆண்டுக்கும் மேலான பிறகு கடல் கடந்து வாழும் நமக்குக் கிளாரிந்தாவைத் தெரிகிறது. உங்களுக்குத் தெரிந்த கிளாரிந்தா இப்போதும் எங்கேயோ நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார். இந்த வாரம் போய் அவருடைய பெயரைக் கேளுங்கள்.